ஒன்றரை அங்குலம்

"என்னா வேணும்னு சொல்லுங்க. எவ்ளோ வேணும்னும் சொல்லுங்க. ரெண்டும் சொன்னாத்தான் பேனா ஓடும்."

தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த அந்த அக்காவின் முதல் வாக்கியம் எப்போதும் இதுதான். பாலக்கோட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர் இருந்தார். மாடியில் நான், என் கணவர், பிறந்து சில மாதங்களே ஆன மகள். இப்போது தருமபுரிக்கு வந்துவிட்டோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், அவளுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான். போன வாரம் அவள் தம்பியைக் கிள்ளிவிட்டாள். கோபத்தில், "இன்னைக்கு உனக்கு டிவி கிடையாது, கதை கிடையாது, அம்மா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் குரல் காதில் கேட்டது. ஒரு கிள்ளுக்கு மூன்றா? எவ்வளவு நேரம்? பேசாமல் இருப்பது எதற்கு ஈடு? கதையை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

அக்கா இரண்டு விதமான மனு எழுதுவார். ஒன்று ஸ்டேஷனுக்கும் தாசில்தாருக்கும். இன்னொன்று முனியப்பனுக்கு. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு முனியப்பன் கோயில் இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், அடிபட்டவர்கள் தங்கள் பிராதைக் காகிதத்தில் எழுதி, மடித்து, ஒரு பூட்டின் வளையத்தில் கட்டி, சாமிக்கு முன்னால் இருக்கும் இரும்புச் சங்கிலியில் பூட்டிவிட்டு வருவார்கள். சாவி வீட்டில் இருக்கும். நியாயம் கிடைத்த பிறகு பொங்கல் வைத்துத் திறப்பார்கள். திறக்கப்படாமல் துருப்பிடித்த பூட்டுகள்தான் அங்கே அதிகம்.

இதில் வேடிக்கை, அக்கா கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். மேசை மேலே கார்பன் தாள், மை டப்பா, மார்ஜின் கோடு போடும் மர ஸ்கேல், அதன் பக்கத்தில் ஒரு ஜெபமாலை. "முனியப்பனோட கிளார்க்கு" என்று டீக்கடைக்காரர் கூப்பிடுவார். "சம்பளம் மட்டும் ஏசப்பா குடுக்கறாரு" என்று அக்கா பதில் சொல்வார்.

முதல் தடவை அவர் எழுதுவதைப் பார்த்தது ஒரு விவசாயிக்கு. கிணற்றடியில் மோட்டார் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனிதர் கொதித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தவன் குடும்பத்தோட நாசமாப் போவணும்னு எழுது தாயி."

"குடும்பத்துல யார் யாருங்க? பேர் வாரியாச் சொல்லுங்க."

"அவன் யாருன்னே தெரியல, குடும்பத்துக்கு எங்க போறது?"

"அப்ப பொதுவா எழுதுனா, அவன் வூட்ல கண்ணு தெரியாத கெழவி ஒண்ணு இருந்தா அதுவும் சேந்து போவும். பரவால்லியா?"

அவர் யோசித்தார். "கெழவி வேணாம்."

"கைப்புள்ள?"

"அட, என்னாம்மா நீ! அவன் ஒருத்தன் மட்டும்."

"அவனுக்கு என்னா?"

"சோறு எறங்கக்கூடாது, தூக்கம் வரக்கூடாது."

"வயரு போனதுக்கு அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

"எங்க வரது? பயிரு காயுது."

"சோறு?"

அவர் சற்று வெட்கப்பட்டார். "சோறு தின்னேன்."

"அப்ப சோறு வேணாம். மோட்டார் எத்தினி நாளு ஓடலியோ அத்தினி நாளு தூக்கம் வராம இருக்கட்டும். சரிங்களா?" என்று எழுதத் தொடங்கினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் பூட்டு வாங்கப் போனார். வரும்போது இருந்த கொதிப்பு அவரிடம் இல்லை.

இதைச் சொன்னால் அக்கா இளகிய மனசுக்காரர் என்று தோன்றும். அப்படியும் இல்லை. கணவனிடம் அடிவாங்கிய ஒரு பெண் ஸ்டேஷனுக்கு மனு எழுத வந்தாள். "ரெண்டு அடின்னு போடுக்கா, ஊரு சிரிக்கும்" என்று கெஞ்சினாள். அக்கா அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "ஆறு இருக்குது. ஆறுன்னுதான் எழுதுவேன். மீதி நாலை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?" கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதுதான் அவர்.

பங்குச் சாமியார் இதற்காக அவரைக் கண்டித்திருக்கிறார். அக்காவே சொல்லிச் சிரிப்பார். "அடுத்தவன் சாபம் குடுக்க நீ ஒத்தாசை பண்றது பாவம்மானு சொன்னாரு. எவ்ளோ பாவம் சாமின்னு கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. ஒரு ஜெபமாலை சொல்லுன்னாரு. நான் மாசத்துக்கு நாலு பூட்டு எழுதறேன், நாலு ஜெபமாலை சொல்லிடறேன். பாக்கி வெக்கறதில்ல."

அவருடைய கணவர் சாலையைக் கடக்கும்போது வேன் மோதி இறந்தவர். வேன்காரன் நிற்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் வீட்டுக்காரம்மா. ஒருநாள் மாலை, கேழ்வரகுக் களியும் கீரையும் கொடுக்க அக்கா மாடிக்கு வந்தபோது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டேன். "அந்த வேன்காரனுக்கு நீங்க எழுதினீங்களாக்கா?"

"எழுத ஒக்காந்தேன்" என்றார். "அளவு தெரியல." பாத்திரத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருந்தார். எல்லாத் தாய்மாரும் அவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். பத்தாவது படிக்கும் ஒரு மகள். என் மகளையும் சேர்த்து மூன்று குழந்தைகளை அவர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையில் மகளைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் போய் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். தினமும் அழுவாள். தினமும் அந்த அழுகையை முதுகில் வாங்கிக்கொண்டு போவேன். நல்ல அம்மா இப்படி ஓடுவாளா என்று முதல் பீரியட் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.

மகளுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது ஒருநாள் மாலை, சின்னம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"காலைலருந்து அழுதுகிட்டே இருந்தா டீச்சர். கால்ல என்னமோ செவந்து கெடக்குது. தேங்கா எண்ண தடவியிருக்கறேன்."

வலது கெண்டைக்காலில் நீளமாக ஒரு கொப்புளம். ஒரு முனை வளைந்திருந்தது. கரண்டிக் காம்பு என்று என் மனம் உடனே சொல்லிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, சூடு பட்டதுதான் என்றார்.

மறுநாள் சின்னம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது சரியில்லை, கத்தினேன். எண்ணெய் தடவினால் மறைந்துவிடும் என்று நினைத்தீர்களா என்றேன். "என் புள்ள மேல சத்தியமா நான் சூடு வெக்கல டீச்சர்" என்று அவர் அழுதார். மற்ற இரண்டு குழந்தைகளின் தாய்மாரும் என் பள்ளியில்தான் வேலை பார்த்தார்கள். ஏன் லீவு போட்டாய் என்று கேட்டார்கள், சொன்னேன். நானாகப் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்கும்படி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ என்று இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது. அந்த வாரமே இரண்டு பேரும் குழந்தைகளை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம் என்றார் என் கணவர். "முனியப்பனுக்குப் பூட்டு போட்டுட்டு வா, அவன் பாத்துக்குவான்" என்றார் மாமியார். நான் பி.எட். படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாமலேயே மகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"என்னா வேணும் டீச்சரம்மா? எவ்ளோ வேணும்?" என்றார் அக்கா, வாடிக்கையாளரிடம் கேட்பது போலவே.

"அவ பொண்ணுக்கும் இதே மாதிரி சூடு படணும். அப்பத்தான் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்னு தெரியும்."

அக்கா மகளின் காலைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்தார். மகளின் காலை மெல்லத் தன் மடியில் இழுத்து வைத்து, தோலில் படாமல் ஸ்கேலைப் பிடித்து அளந்தார்.

"ஒன்ற இன்ச். ஒரு முனை வளைவு." தாளில் குறித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு பத்தாவதுதான? கால் பெருசா இருக்கும். இதே ஒன்ற இன்ச்சே வெச்சிக்கலாமா, கால் பெருசுக்குத் தக்க கூட்டணுமா? அப்புறம், அது பரீட்ச எழுதற புள்ள. பரீட்சைக்கு முன்னயா, பின்னயா?"

அந்தப் பெண் என் மகளுக்குக் கழுத்தில் பாசிமணி கோத்துப் போட்டவள். "அந்தப் பொண்ணு வேணாங்க்கா" என்றேன். "செஞ்சவளுக்கே படட்டும்."

"செஞ்சதப் பாத்தியா?"

"பாக்கல. வேற யாருக்கா இருக்க முடியும்?"

"பாக்காத பேரை நான் எழுத மாட்டேன். ஸ்டேஷனுக்கும் எழுத மாட்டேன், முனியப்பனுக்கும் எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும்னுதான அவருகிட்ட போற? அப்புறம் நீ என்னாத்துக்குப் பேர் சொல்ற?"

கோபமாக இருந்தது. எழுத்துத் தெரிந்தவள்தானே, நானே எழுதிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் தலையாட்டினேன். அக்கா எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'இக்குழந்தையின் வலது கெண்டைக்காலில் ஒன்றரை அங்குல அளவு சூடு படக் காரணமானவர் எவரோ, அவருக்கு அதே காலில் அதே அளவு, கூடாமலும் குறையாமலும்.' கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மாமியாருடன் போய்ப் பூட்டிவிட்டு வந்தேன். சாவியைப் பீரோவில் வைத்தேன். அதன் பிறகு மாமியார்தான் மகளைப் பார்த்துக்கொண்டார்.

பூட்டு போட்ட பதினாறாம் நாள் மாலை, மகளை உட்கார வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தினேன். மகளை இறக்கி நிற்க வைத்தேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றுவதற்காக வலது பக்கம் போய் நின்று இழுத்தபோது கெண்டைக்காலில் சுரீரென்றது. சைலன்சர். அதன் மேலே இருக்க வேண்டிய தகடு கழன்று விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வலியோடு காலைத் தூக்கிப் பார்த்தேன். நீளமாகச் சிவந்து, ஒரு முனை வளைந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது, என் மகள் வண்டியின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சைலன்சருக்கு ஒரு விரல்கடை தூரத்தில்.

அவளைப் பிடுங்கித் தூக்கிக்கொண்ட அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கொப்புளம் வந்த அன்று காலை சின்னம்மா வீட்டு வாசலில், சீட்டுக்கு அடியிலிருந்து பால் பாட்டிலை எடுப்பதற்காக அவளை இறக்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். பத்து நொடி இருக்கும். வீறிட்டாள். தினமும் அழுகிறவள்தானே என்று, சின்னம்மா கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பெல் அடித்துவிடும் என்று ஓடினேன்.

கீழே அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காலைக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஸ்கேலை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் எடுக்கவில்லை.

"வெந்நீர் படாம பாத்துக்க" என்றார்.

"அக்கா, முனியப்பன்தான்…"

"உன் வண்டில தகடு இல்ல. யாரு காலு பட்டாலும் சுடும். முனியப்பனுக்கு வேற வேல இல்லியா?" என்றார். கொஞ்ச நேரம் பூண்டை உரித்தார். பிறகு, "எழுதனது நான்தான். அதே காலு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொல்லி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சின்னம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா. மன்னிச்சிக்கச் சொல்லி. நான் குடுத்தனுப்பறேன்."

"நான் எழுத மாட்டேன்."

"சரி, நானே எழுதறேன்."

"நீ நல்லாத்தான் எழுதுவ. அதான் எனக்கு பயம்" என்றார். "வாயால சொல்லணும். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

நான் அழுதுகொண்டே கேட்டேன். "எனக்கு எவ்ளோக்கா? எனக்கு என்ன தண்டனை? நீங்களே அளவு சொல்லுங்க." அவர் சொல்லிவிட்டால் அதைச் செய்து முடித்துவிடலாம் என்று இருந்தது. விரதமோ, பொங்கலோ, ஜெபமாலையோ, எதுவானாலும்.

அக்கா விரல்விட்டார். "புள்ளைங்க மூணும் நின்னுபோச்சு. பதினாறு நாளா அவ வூட்டுக்கு எந்தப் புள்ளையும் வரல." மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "புள்ளைக்குச் சூடு வெச்சவன்னு எத்தினி பேரு வாயில போயிருக்கும்? அத நீ சொல்லு. நான் கணக்குப் போடறேன்."

பள்ளியில் இரண்டு பேர் வரைதான் என்னால் எண்ண முடிந்தது. அவர் விரலை விட்டுவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் மணி அடித்தபோது அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு என் படியில் நின்றிருந்தார். "பூசைக்குப் போவலியாக்கா?" என்றேன். "அது அடுத்த வாரமும் இருக்கும். பூட்டும் அங்கயேதான் தொங்கும், அப்புறம் தெறந்துக்கலாம். நீ புள்ளையத் தூக்கு" என்றார்.

சின்னம்மா தக்காளி மண்டியில் இருந்தார். குழந்தைகள் நின்றுபோன பிறகு அங்கே தரம் பிரிக்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவே, அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகளுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். மறுபடியும் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் இருந்த பெண்களின் கை நின்றுவிட்டது. தள்ளிப் போய்ப் பேசலாம் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அசையவில்லை.

அங்கேயே சொன்னேன். ஸ்கூட்டர், பால் பாட்டில், சைலன்சர் எல்லாம். புடவையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். "நான்தான் சின்னம்மா. என் கையாலதான். பழிய உங்க மேல போட்டுட்டேன்." என் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் குரல் போல இருந்தது. அதற்காகவும் வெட்கமாக இருந்தது.

ஒரு பெண், "அடிப்பாவி" என்றாள். என்னைத்தான் சொன்னாள்.

சின்னம்மா வெகுநேரம் என் காலையே பார்த்தார். "என் பொண்ணு கேட்டாளுங்க டீச்சர்" என்றார். "நெசமாவே நீ செய்யலியாம்மானு என் பொண்ணே என்னைக் கேட்டா."

நான் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். அவரே கேட்டார். "பாப்பா நடக்குதுங்களா?"

"ரெண்டு எட்டு வெக்கிறா."

மகள் என் இடுப்பிலிருந்து திமிறினாள். இறக்கிவிட்டேன். ஒரு கிரேடைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை விட்டுவிட்டு, தள்ளாடி, தள்ளாடி, சின்னம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தாள். மூன்று எட்டு. சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. கைகள் முன்னால் வந்தன. சட்டென்று அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். மகள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனியாமல் அப்படியே நின்றார்.

"தூக்குங்க சின்னம்மா" என்றேன்.

"வேணாங்க டீச்சர். இனிமே யாரு புள்ளையும் தொட பயமா இருக்குதுங்க." மகள் அவர் புடவையைப் பிடித்து இழுத்து, ஒரு சத்தம் எழுப்பினாள். அவர் வீட்டில் மட்டும் எழுப்பும் சத்தம் அது. நான் கேட்டதே இல்லை. சின்னம்மா கீழே பார்த்தார். "கையெல்லாம் தக்காளி" என்றார். "கழுவிட்டு வரேன்."

மகளின் விரல்களை முழங்கையால் மெல்ல விலக்கிவிட்டு, மண்டியின் ஓரத்தில் இருந்த குழாய்க்குப் போனார். மகள் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் தூக்கவில்லை. தூக்கினால் அவர் திரும்பி வரமாட்டார் என்று ஏனோ பட்டது. குழாயைத் திறந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கழுவினார். மறுபடியும் கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"வருவாங்களாக்கா?" என்றேன். "எவ்ளோ நேரம் நிக்கறது?"

அக்கா வெள்ளைப் புடவையோடு, நசுங்கிய தக்காளிகளுக்கு நடுவில், ஒரு காலிக் கிரேடைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து இழுத்து என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அத அவ சொல்லட்டும்" என்றார்.